ஊட்டிக் குளிரில் தோல் வறண்டால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நீலகிரியில் நவம்பரில் உறைபனி விழத் தொடங்கினால் பிப்ரவரி வரை விட்டுவிட்டு இருக்கும். தலைக்குந்தா, அவலாஞ்சி பக்கம் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். வெப்பநிலை 0 டிகிரியைத் தொட்டுவிடும். பகலிலோ மேகமில்லாத வானம், சுள்ளென்ற வெயில், ஈரமில்லாத காற்று. இந்த மாதங்களில் தோலில் எந்தத் தொந்தரவு வந்தாலும் "பனிக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி, மருந்துக்கடையில் ஏதாவது ஒரு க்ரீம் வாங்கித் தடவிவிடுகிறோம். பலருக்கு அது கேட்பதில்லை.

காரணம் இரண்டு. தோலை வறளவைக்கும் வேலை குளியலறையில் தினமும் நடந்துகொண்டிருக்கும்போது, க்ரீம் மட்டும் தனியாகப் போராட முடியாது. அப்புறம், பனி மேல் பழி விழும் தொந்தரவுகளில் சிலவற்றுக்கும் வறட்சிக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே முதலில் குளியலைத் திருத்துவோம். அதற்குப் பிறகும் மிச்சம் இருக்கும் அறிகுறியை வைத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. உயிரற்ற செல்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புப் பொருள்தான் சாந்து. உடம்புக்குள் இருக்கும் நீர் வெளியே ஆவியாகிப் போகாமல் தடுப்பது இந்தக் கொழுப்பு. பனிக்காலத்தில் எண்ணெய்ச் சுரப்பும் குறைகிறது, வெளிக்காற்றும் ஈரத்தை இழுக்கிறது. அந்த நேரம் பார்த்து நாம் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்து, இருக்கிற கொழுப்பையும் கழுவி அனுப்புகிறோம்.

குளிருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது, அது சரி. ஆனால் முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. குளித்து முடித்ததும் தோல் சிவந்திருந்தால் நீர் அதிகச் சூடு என்று அர்த்தம். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் குளியலை முடித்துவிடுங்கள். சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை கால், முதுகு, வயிறு எல்லாம் இந்தக் குளிரில் வியர்ப்பதே இல்லை. வெறும் நீர் போதும். மண்ணில் வேலை செய்துவிட்டு வந்த நாள் என்றால் அழுக்குப் பட்ட இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

சோப்பு அட்டையில் டி.எஃப்.எம். 76 சதவீதம், முதல் தரம் என்று பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு என்பதைச் சொல்கிறது. ஆனால் எந்தச் சோப்பும் காரத்தன்மை கொண்டதுதான், அதன் பி.எச். (அமில, கார அளவு) 9, 10 என்று இருக்கும், நம் தோலுடையது ஏறத்தாழ 5. தோல் ஏற்கெனவே வெடித்திருந்தால் மருந்துக்கடையில் சின்டெட் பார் அல்லது சோப்பில்லாத க்ளென்சர் என்று கேட்டு வாங்குங்கள். கடலைமாவும் நலங்குமாவும் சோப்பைவிட மேல் என்று நினைக்கிறோம். ஆனால் அவையும் எண்ணெயை உறிஞ்சும். பனிக்காலத்தில் அவற்றைப் பாலேட்டிலோ தயிரிலோ குழைத்து, தேய்க்காமல் பூசிக் கழுவினால் பரவாயில்லை.

துண்டால் ஒற்றியெடுத்து, தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் க்ரீம் தடவ வேண்டும். குளிரில் நடுங்கிக்கொண்டு உடனே ஸ்வெட்டரைப் போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தடவினால் பலனில் பெரும்பகுதி போய்விடும். க்ரீமைக் குளியலறைக்குள்ளேயே வையுங்கள். இது ஒன்றே பலருக்குப் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

எதைத் தடவுவது? கிளிசரின், யூரியா போன்றவை நீரை இழுத்துப் பிடிப்பவை. வாசலின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லி நீர் வெளியேறாமல் மூடி வைப்பது. நல்ல மாய்ஸ்சரைசரில் இரண்டு வகையும் கலந்திருக்கும். பாட்டிலைக் கவிழ்த்தால் ஓடுகிற லோஷனைவிட, டப்பாவில் கெட்டியாக இருக்கும் க்ரீம் இந்த ஊருக்கு ஏற்றது. வாசனை இல்லாததாகப் பாருங்கள். விலை ஒரு பொருட்டே இல்லை. வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியைவிட நன்றாக நீரைத் தடுத்து வைக்கிற பொருளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

தேங்காயெண்ணெயும் நல்லதுதான். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் ஊட்டியில் பனிக்காலம் முழுக்க பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிப்போய் இருக்கும். பாட்டிலை அடுப்பருகே வைத்து உருக்குவதைவிட, அகன்ற வாய் டப்பாவில் ஊற்றி வைத்துவிட்டால் விரலால் வழித்து எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாலே உருகிவிடும். ஈரத்தோலில் தடவினால்தான் பலன்; காய்ந்த தோலில் எண்ணெய் பூசினால் பளபளப்பு வரும், நீர் வராது.

அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். பெரியவர் ஒருவர் உடம்பு முழுக்க ஒருமுறை தடவ ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் தேவை. 50 கிராம் டியூப் வாங்கி ஒரு மாதம் ஓட்டுகிறோம் என்றால் தடவவே இல்லை என்றுதான் பொருள். பெரிய டப்பாவாக வாங்குங்கள்.

நிறைய தண்ணீர் குடித்தால் தோல் ஈரமாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. தாகத்துக்குத் தேவையான அளவு குடியுங்கள், அது உடம்புக்கு வேண்டும். ஆனால் மேலடுக்கில் கொழுப்பு போய்விட்டால் எத்தனை லிட்டர் குடித்தாலும் அங்கே ஈரம் நிற்காது.

இதைப் பத்து நாள் விடாமல் செய்துவிட்டு, மாறாமல் இருப்பது என்ன என்று பாருங்கள்.

முன்காலில் வெள்ளை பூத்து, நகத்தால் கீறினால் கோடு விழுகிறது

சாதாரண வறட்சி. மேலே சொன்னதிலேயே சரியாகிவிட வேண்டும். செதில் உரியும் அளவுக்குப் போயிருந்தால் 10 சதவீத யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த க்ரீமை இரவில் தடவுங்கள். வெடித்துப் புண்ணான இடத்தில் இவை எரியும். அங்கே வெறும் வாசலின்.

சின்ன வயதிலிருந்தே ஒவ்வொரு பனிக்காலத்திலும் முன்காலில் மீன் செதில் மாதிரி தடித்துப் போகிறது, உள்ளங்கையில் ரேகைகள் அதிகமாக இருக்கின்றன, வீட்டில் இன்னொருவருக்கும் இப்படி உண்டு என்றால், அது பிறவியில் வரும் இக்தியோசிஸ் வகையாக இருக்கலாம். முற்றிலும் போகாது, ஆனால் யூரியா க்ரீமை ஆண்டு முழுக்கத் தடவினால் நன்றாகவே கட்டுக்குள் இருக்கும்.

அரிப்பு: எப்போது, எங்கே, வேறு யாருக்கு?

இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் அரிப்புக்கு எதையும் தடவாதீர்கள்.

குளித்த அரை மணி நேரத்துக்குள் வருகிறது, முன்காலிலும் இடுப்பிலும் அதிகம், கொப்புளம் எதுவும் இல்லை என்றால் வறட்சி. வயதானவர்களுக்கு இது மிக அதிகம், ஏனென்றால் அவர்களுக்கு எண்ணெய்ச் சுரப்பு முன்பே குறைந்திருக்கும். அவர்களைத் தினமும் குளிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். கம்பளி ஸ்வெட்டர் நேரடியாகத் தோலில் படுகிறதா என்றும் பாருங்கள். உள்ளே பருத்தி பனியனோ முழுக்கைச் சட்டையோ போட்டு அதன் மேல் கம்பளி போட்டாலே பலருக்கு அரிப்பு நின்றுவிடும்.

இரவில் போர்வைக்குள் போனதும் அரிப்பு உச்சத்துக்குப் போகிறது, விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, மார்புக் காம்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சின்னச் சின்னப் பொரிகள், வீட்டில் இன்னொருவரும் சொறிகிறார் என்றால் இது வறட்சியில்லை, சிரங்கு. குளிர்காலத்தில் ஒரே கம்பளியில் இரண்டு மூன்று பேர் படுப்பதால் வேகமாகப் பரவும். எவ்வளவு மாய்ஸ்சரைசர் போட்டாலும் போகாது. பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமை மருத்துவர் சொல்வார்: கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல் இரவில் தடவி, காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. வீட்டில் எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே நாளில் தடவ வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவரிடமிருந்து எல்லோருக்கும் திரும்ப வரும். மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். அதற்காகத் தினமும் மருந்தைப் பூசக்கூடாது.

வெளியே குளிர்க்காற்று பட்டதும் பட்ட இடமெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, உள்ளே வந்து சூடானதும் அடங்குகிறதா? இது குளிரால் வரும் காணாக்கடி. இப்படிப்பட்டவர்கள் குளிர்ந்த நீரில் திடீரென்று இறங்குவது ஆபத்து. மயக்கம் வரை போகும். மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

விரல் நுனி வெடித்து, எதைத் தொட்டாலும் சுரீர் என்கிறது

கையைப் பாருங்கள். எந்தக் கை, எந்த விரல் என்பதில்தான் விடை இருக்கிறது.

இரண்டு கையிலும் எல்லா விரலும் என்றால் நீரும் சோப்புத்தூளும் காரணம். பாத்திரம் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் ரப்பர் கையுறை, அதற்குள் மெல்லிய பருத்திக் கையுறை. ரப்பரை மட்டும் போட்டால் உள்ளே வியர்த்து இன்னும் ஊறிப்போகும்.

இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனி மட்டும் தடித்து, உரிந்து, கீறல் கீறலாக வெடித்திருந்தால் பூண்டைச் சந்தேகப்படுங்கள். பூண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் உரிக்கிறோம் அல்லது நறுக்குகிறோம். அதனால் சாறு ஊறுவது இடது கை நுனிகளில். இடது கைக்காரர்களுக்கு இது வலது கையில் வரும். மலைப்பூண்டு விளைகிற ஊர் இது. வீட்டிலும் கூலிக்கும் மணிக்கணக்கில் பூண்டு உரிக்கும் பெண்களின் விரல்களில் இந்தப் படத்தை அப்படியே பார்க்கலாம். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்களுக்கு வரும் ஒவ்வாமை இது. மெல்லிய ரப்பர் கையுறையை அவை ஊடுருவக்கூடும் என்பதால் கையுறை போட்டும் சரியாகவில்லை என்று சிலர் சொல்வார்கள். சில வாரம் பூண்டைத் தொடாமலே இருந்து பார்த்தால் உறுதியாகிவிடும். உரித்துச் சமைத்துக் கொடுக்க வேறு ஆள் இருந்தால் சாப்பிடுவதில் பெரும்பாலானவர்களுக்குத் தொந்தரவில்லை.

தேயிலை பறிப்பவர்களுக்கு வலது இடது இரண்டிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்து வெடிக்கும். விடியற்காலை பனி ஈரத்தில் பறிப்பதும் வெயில் ஏறியதும் காய்வதும் மாறி மாறி நடப்பதால் வெடிப்பு ஆழமாகிறது. வேலையை நிறுத்தச் சொல்ல முடியாது. படுக்கப் போகும் முன் கையை இளஞ்சூட்டு நீரில் ஐந்து நிமிடம் வைத்து, வாசலினைத் தாராளமாகப் பூசி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுத்தால் ஒரு வாரத்தில் வெடிப்பு மூடத் தொடங்கும்.

குதிகாலில் பித்தவெடிப்பு

மேலே கெட்டியான தோல் இருக்கும்வரை எந்தக் களிம்பும் உள்ளே போகாது. பத்துப் பதினைந்து நிமிடம் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) மெதுவாகத் தேய்த்து, 20 சதவீதத்துக்கு மேல் யூரியா உள்ள க்ரீம், அதன் மேல் வாசலின், அதன் மேல் காலுறை. பிளேடால் சீவ வேண்டாம். பின்பக்கம் திறந்த செருப்பு குதிகாலை விரியவைக்கும். இந்த மாதங்களில் மூடிய காலணி நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊறவைப்பது, தேய்ப்பது இரண்டையுமே தாங்களாகச் செய்யக்கூடாது. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடும் தெரியாது, புண்ணும் தெரியாது.

உதடு உரிகிறது

நாக்கால் நனைப்பதை நிறுத்தினால் பாதி முடிந்தது. மென்தால், கற்பூரம் சேர்த்த லிப் பாம் குளுகுளுவென்று இருக்கும், ஆனால் உதட்டை இன்னும் உரியவைக்கும். வாசலினோ நெய்யோ போதும். வாயின் இரண்டு ஓரத்திலும் வெடித்துச் சிவந்திருந்தால் பூஞ்சையோ, இரும்புச்சத்து, பி வைட்டமின் குறைவோ இருக்கலாம். அதை லிப் பாம் தீர்க்காது.

குழந்தையின் கன்னத்தில் வெளிறிய திட்டு

வயிற்றில் பூச்சி, கால்சியம் குறைவு என்று சொல்லி மருந்து கொடுக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. லேசான வறட்சியும் அழற்சியும் வந்து போன இடத்தில் நிறம் குறைந்திருக்கிறது. மற்ற இடம் வெயிலில் கறுக்கும்போது திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். தினமும் இரண்டு வேளை மாய்ஸ்சரைசர், வெளியே போகும்போது தொப்பி. நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், பொறுத்திருக்க வேண்டும். திட்டு பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருந்தாலோ, தொட்டால் உணர்ச்சி இல்லாமல் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்விரல் சிவந்து வீங்கி, சூடானதும் எரிகிறது

குளிரில் சுருங்கிய சின்ன இரத்தக்குழாய்கள் திடீர்ச் சூட்டில் சரியாக விரியாததால் வருவது. ஈரமான காலுறையோடு காலையெல்லாம் நின்றுவிட்டு, வந்ததும் நெருப்பில் காலை நீட்டுகிறவர்களுக்கு அடிக்கடி வரும். நெருப்பு வேண்டாம், வெந்நீரும் வேண்டாம். காய்ந்த காலுறை மாற்றி, கம்பளிக்குள் வைத்து மெதுவாகச் சூடாக விடுங்கள். சொறியக்கூடாது. புகைபிடிப்பவர்களுக்கு ஆறுவது தாமதமாகும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகப் போய்விடும். கொப்புளம் வந்தாலோ, விரல் வெள்ளையாகி, நீலமாகி, பிறகு சிவந்தாலோ மருத்துவரைப் பாருங்கள்.

முன்காலில் வலைவலையாகப் பழுப்பு நிறம்

அரிப்பும் இல்லை, வலியும் இல்லை, தேய்த்தாலும் போகவில்லை. இவர்களிடம் கேட்டால் மாலையானதும் கரி கணப்புக்கோ ஹீட்டருக்கோ பக்கத்தில் உட்காருவார்கள். தோல் வெந்து போகாத அளவுச் சூடு, நாள்தோறும் ஒரே இடத்தில் படுவதால் வரும் நிறமாற்றம் இது. மடியில் வைத்துக்கொள்ளும் வெந்நீர்ப் பையாலும் வரும். தள்ளி உட்கார்ந்தால் சில மாதங்களில் மங்கும். ஆண்டுக்கணக்கில் விட்டால் நிலைத்துவிடும், அரிதாக அந்த இடத்தில் புற்றுநோய் வரை போனதுண்டு.

கணப்பு பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். வாசலினும் எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம்களும் ஊறிய துணி சட்டென்று தீப்பற்றும். தடவிக்கொண்டு நெருப்பருகே உட்காராதீர்கள். மூடிய அறையில் கரி கணப்பை எரியவிட்டுத் தூங்குவது உயிரையே எடுக்கும். போர்வை இன்னொன்று போட்டுக்கொள்ளுங்கள்.

தலையில் செதில்

எண்ணெய் வைத்தும் செதில் அதிகமாகிறது, அரிக்கிறது, புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சளாகப் படிகிறது என்றால் பொடுகு. அதை உண்டாக்கும் பூஞ்சைக்கு எண்ணெய்தான் உணவு. எண்ணெயை நிறுத்தி, கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இருமுறை, நுரையோடு ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள்.

முகம் எரிகிறது, கறுக்கிறது

குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. ஊட்டி இருப்பது ஏறத்தாழ 2240 மீட்டரில். மாய்ஸ்சரைசருக்கு மேல் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்க்ரீன் பூசிக்கொள்ளுங்கள். தலைவலி, சளிக்கென்று நீலகிரி தைலத்தை முகத்தில் தேய்க்கும் பழக்கம் இருந்தால் வெடித்த தோலில் அது எரிச்சலைக் கூட்டும். கைக்குழந்தையின் மூக்கருகே அதைக் கொண்டுபோகவே கூடாது, மூச்சுத்திணறல் வரலாம்.

இன்னொரு காரணம்தான் எனக்கு அதிகம் கவலை தருவது. "முகம் வறட்சியா இருக்கு" என்றதும் சில இடங்களில் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை எடுத்துக் கொடுக்கிறார்கள். இரண்டே நாளில் முகம் வழுவழுவென்று ஆகும். நிறுத்தினால் சிவந்து எரியும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். மாதங்கள் போனால் தோல் மெலிந்து, இரத்தக்குழாய்கள் தெரிந்து, பரு வெடித்து, முகத்தில் முடியும் வளரும். 2018இல் மத்திய அரசு இப்படிப்பட்ட ஸ்டீராய்டு க்ரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. டியூபில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசோல், மோமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், எழுதிக் கொடுத்தவர் யார் என்று யோசியுங்கள். நீண்ட நாள் தடவியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

இவற்றில் எதுவும் பொருந்தவில்லை

பனிக்காலம் போன பிறகும் வறட்சி நீடிக்கிறது, கூடவே உடல் எடை ஏறுகிறது, குளிர் தாங்கவில்லை, முடி கொட்டுகிறது என்றால் தைராய்டைச் சோதியுங்கள். வறட்சியோடு தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்றால் சர்க்கரையைப் பாருங்கள். தோலில் எந்த மாற்றமும் இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனையும் தேவைப்படலாம். தோல் மருத்துவரிடம் போகும்போது இதுவரை தடவிய க்ரீம், தைலம், எண்ணெய், சோப்பு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், அன்று காலை முகத்திலும் கையிலும் எதையும் தடவாமல்.